கேட்டில் நிற்கும் ஜாகாவை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

மெர்போக், செமிலிங், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்திலிருந்து மென்பொருள் வேலைக்குப் போயிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். சிலருடைய அப்பா என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். சிலர் செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, வேலைக்கு வழி கேட்டு என் வீட்டுக்கு வந்தவர்கள். இன்று பாயான் லெப்பாஸில், கூலிமில், சைபர்ஜெயாவில், சிங்கப்பூரில் இருக்கிறீர்கள். உங்கள் பெயர்களை யாராவது பெருமையாகச் சொல்லும்போது எனக்கும் மனம் நிறைகிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்க்கும் வேலை வெளியே தெரியாதது. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் தங்கள் புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைத்திருக்கும் செய்தி வரிசை மென்பொருளைப் பராமரிக்கிறேன். 1993ல் எம்க்யூசீரிஸ் என்று வந்தது, 2002ல் வெப்ஸ்பியர் எம்க்யூ என்று பெயர் மாறியது, 2014ல் ஐபிஎம் எம்க்யூ ஆனது. முதல் பெயரின் கடைசிக் காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றுவரை அதே வேலைதான்.

இந்த ஒரு வருடத்தில் நான்கு முறை என் கைத்தொலைபேசிக்கு ஏறக்குறைய ஒரே செய்தி வந்தது. "அண்ணே, புரோகிராம் கனெக்ட் ஆகல, 2035 வருது. செக்கை ஆஃப் பண்ணிடுங்கண்ணே, நாளைக்கு லைவ் போகணும்." நான்கும் நம் பிள்ளைகள் அனுப்பியவை. நான்கில் ஒன்றில்கூட "ஏன் வருது?" என்ற கேள்வி இல்லை. நான்காவது செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது, எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

என் அம்மா மெர்போக்கை ஒட்டிய ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டினார். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க நானும் கூடப் போவேன். வேலை முடிந்து காண்டாக் கம்பில் இரண்டு வாளிகளும் ஆட ஸ்டோருக்கு வந்தால், அங்கே முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அம்மாவின் முறை வந்ததும் கிராணி பெயரைப் பார்ப்பார். வாளி தராசில் ஏறும். மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டுக் கோட்டைப் படிப்பார். பிறகு புத்தகத்தில் எழுதுவார். எழுதி முடித்து அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லும்வரை அம்மா மேசையை விட்டு நகர மாட்டார். மழை இறங்கினாலும் சரி, பின்னால் நிற்பவர் அவசரப்பட்டாலும் சரி. எண்ணைக் காதால் கேட்டுவிட்டால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு பால் எப்போது லாரி ஏறியது, எந்த ஃபேக்டரிக்குப் போனது என்பதெல்லாம் அவர் கவலை இல்லை.

நீங்கள் எழுதும் ஒவ்வொரு புரோகிராமும் அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்கிறது. ஸ்டோரிலிருந்து ஃபேக்டரிக்குப் பால் போவது ஒருவழிப் பயணம். எம்க்யூவில் ஒரு கியூ மேனேஜரிலிருந்து இன்னொரு கியூ மேனேஜருக்குப் போகும் மெசேஜ் சேனல் அப்படிப்பட்டது; ஒரு முனையில் செண்டர், மறுமுனையில் ரிசீவர். அது எங்கள் பொறுப்பு. உங்களுக்கும் கியூ மேனேஜருக்கும் நடுவில் இருப்பது வேறு வகை. அது இருவழி. கனெக்ட், ஓப்பன், புட், கெட், கமிட் என்று நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை உங்கள் புரோகிராம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "எம்க்யூன்னா போட்டுட்டுப் போயிடலாம்தானே அண்ணே, எதுக்கு நிக்கணும்?" என்று ஒரு தங்கை கேட்டார். போட்டுவிட்டுப் போகலாம் தங்கையே, அதற்குத்தான் வரிசையே இருக்கிறது. ஆனால் போட்டது புத்தகத்தில் ஏறிவிட்டது என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

இந்த இருவழிப் பாதைக்கு இரண்டு முனைகள். கியூ மேனேஜர் பக்கம் இருப்பது சர்வர்-கனெக்ஷன் சேனல். உங்கள் பக்கம் இருப்பது கிளையன்ட்-கனெக்ஷன் சேனல். இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும், எழுத்துக்கு எழுத்து. பெயர் இருபது எழுத்தைத் தாண்டக் கூடாது. கியூ மேனேஜர் பக்கம் லிசனர் என்ற ஒன்று போர்ட்டில், வழக்கமாக 1414ல், காதைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். உங்கள் புரோகிராம் வந்து சேனல் பெயரைச் சொன்னதும் அந்தப் பெயரில் ஒரு சேனல் அங்கே இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் 2540 என்று திருப்பி அனுப்பும்.

அந்த 2540க்காக ஒரு தம்பி இரண்டு நாள் தூங்காமல் கிடந்தார். ஃபயர்வாலைப் பார்த்தார், ஜாவா பதிப்பை மாற்றினார், கடைசியில் சர்வரையே சந்தேகப்பட்டார். என் பக்கம் ஒற்றை மேற்கோளுக்குள் போடாமல் சிறிய எழுத்தில் கட்டளை கொடுத்திருந்தேன். எம்க்யூ அதைப் பெரிய எழுத்தாக்கி வைத்துக்கொண்டது. அவர் பக்கம் சிறிய எழுத்திலேயே இருந்தது. தவறு என்னுடையதும்தான். அவர் முதல் நாளே என் மேசைக்கு வந்து இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் முனையை நீங்கள் பார்ப்பதே இல்லை. எம்க்யூசர்வர் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் இருக்கிறதா, சிசிடிடி என்கிற சேனல் அட்டவணைக் கோப்பில் இருக்கிறதா, கோடுக்குள்ளேயே யாரோ எழுதிவைத்துவிட்டுப் போனதா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் விழிக்கிறீர்கள். "முன்னாடி இருந்தவர் போட்டது அண்ணே" என்ற பதிலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்!

சரி, 2035க்கு வருகிறேன். என் மனக்குறையின் வேர் அங்கேதான்.

தோட்டத்துக் கேட்டில் ஜாகா உட்கார்ந்திருப்பார். வெளியாள் வந்தால் பெயர், கார் நம்பர், யாரைப் பார்க்க என்று நோட்டில் எழுதிய பிறகே கம்பைத் தூக்குவார். ஒருவர் வந்து "நான்தான் துரை" என்று சொன்னதும், முகத்தைக்கூடப் பார்க்காமல் கம்பைத் தூக்கினால் என்ன ஆகும்? சர்வர்-கனெக்ஷன் சேனலில் எம்சிஏயூசர் என்ற இடத்தைக் காலியாக விட்டு, மற்ற சோதனைகளையும் நிறுத்திவிட்டால் நடப்பது அதுதான். அந்த இடத்தில் ஒரு யூசர் பெயர் இருந்தால், வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பெயருக்குரிய அனுமதியோடு மட்டும் உள்ளே நடமாடுவார். காலியாக இருந்தால், கிளையன்ட் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறதோ அந்தப் பெயரிலேயே நடமாடும். எவனோ ஒருவன் தன் மடிக்கணினியில் எம்க்யூஎம் என்று ஒரு யூசரை உண்டாக்கிக்கொண்டு அங்கிருந்து கனெக்ட் செய்தால் போதும். எம்க்யூஎம் என்பது நிர்வாகியின் பெயர். கியூ மேனேஜர் அவனை நிர்வாகி என்றே நம்பும். வரிசையில் இருக்கும் ஒவ்வொரு செய்தியையும் அவன் படிக்கலாம், அழிக்கலாம், புதிதாக எழுதியும் போடலாம்.

இதைத் தடுக்கத்தான் 2011ல் வந்த 7.1 பதிப்பில் சேனல் ஆத்தன்டிகேஷன் விதிகளைக் கொண்டுவந்தார்கள். புதிதாக உருவாக்கும் கியூ மேனேஜரில் நிர்வாகிகள் யாரும் வெளியிலிருந்து கிளையன்ட் சேனல் வழியாக நுழைய முடியாதபடி முதல் நாளிலிருந்தே தடை இருக்கும். 2014ல் எட்டாம் பதிப்பில் கடவுச்சொல் சோதனையும் சேர்ந்தது. 7.1க்கு முன்னால், வரும் முகவரியைப் பார்த்து ஆளைத் தடுக்க வேண்டுமென்றால்கூட எக்ஸிட் என்று தனியாக ஒரு புரோகிராம் எழுத வேண்டும், இல்லை விலைக்கு வாங்க வேண்டும். நான் எழுதியிருக்கிறேன். பிழையோடு எழுதி, ஒரு சனிக்கிழமை முழுக்க வேலைக்கு வந்த புரோகிராம்களை எல்லாம் வாசலிலேயே தடுத்து நிறுத்தியும் இருக்கிறேன். அந்தக் காலத்தைப் பார்த்தவனுக்கு இந்த இரண்டு பூட்டுகளின் அருமை தெரியும். ஆகவேதான், யாரோ எங்கோ எழுதிவைத்த இரண்டு வரிக் கட்டளையைக் காட்டி "இதை அடிச்சா 2035 போயிடுமாம் அண்ணே" என்று நீங்கள் அனுப்பும்போது மனம் வெதும்புகிறது. அந்த இரண்டு வரிகள் இரண்டு பூட்டையும் கழற்றுகின்றன. 2035 போய்விடும், உண்மைதான். அதோடு ஜாகாவும் போய்விடுவார்.

2035 எதிரி இல்லை தம்பி. "அனுமதி இல்லை" என்ற ஒரே வார்த்தையை மட்டும் அது உங்களுக்குச் சொல்கிறது. வேண்டுமென்றேதான் குறைவாகச் சொல்கிறது. வெளியே நிற்பவன் திருடனாக இருந்தால் எந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு விவரம் சொல்லக் கூடாதல்லவா? முழு விவரம் கியூ மேனேஜர் பக்கம் எரர் லாக்கில் இருக்கும். அங்கே 9776 என்று இருந்தால் உங்கள் யூசர் பெயரைத் தடுத்திருக்கிறோம். 9777 என்றால் உங்கள் சேனலையோ நீங்கள் வரும் முகவரியையோ ஒரு விதி மறுத்திருக்கிறது. 5534 என்றால் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் பொருத்தம் இல்லை. 8077 என்றால் நீங்கள் கேட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டீர்கள், அந்த வரியில் பெயர் சொல்லியிருக்கும் வரிசையையோ கியூ மேனேஜரையோ தொடத்தான் அனுமதி தரப்படவில்லை. நான்கும் உங்கள் திரையில் 2035 ஆகத்தான் தெரியும். நான்குக்கும் மருந்து வேறு. வயிற்றுவலி என்று சொன்ன எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிற வைத்தியரிடம் உங்கள் பிள்ளையைக் கூட்டிப்போவீர்களா?

இதைச் சோதிக்க வழியும் இருக்கிறது. இன்ன முகவரியிலிருந்து, இன்ன பெயரில், இன்ன சேனலுக்கு ஒருவர் வந்தால் எந்த விதி பிடிக்கும் என்று கியூ மேனேஜரையே கேட்கலாம்; ரன்செக் என்று ஒன்று அதற்காகவே வைத்திருக்கிறார்கள். ஒரு விதியை முதலில் எச்சரிக்கையாக மட்டும் போட்டு, யாரையும் தடுக்காமல், யார் யார் மாட்டுகிறார்கள் என்று சில வாரம் பார்க்கவும் முடியும். "நாளைக்கு லைவ்" என்று முந்தின நாள் சாயங்காலம் வந்து நின்றால் இவற்றில் எதையும் செய்ய நேரம் இருக்காது.

இனி நான் சொல்லப்போவது ஒரு மாதக் கடைசி இரவில் நடந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். ஒரே ஒரு சர்வர்-கனெக்ஷன் சேனல். அதைப் பதினான்கு புரோகிராம்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே அப்ளிகேஷன் சர்வரிலிருந்து, ஒரே யூசர் பெயரில். அதில் புதிதாக வந்த ஒரு புரோகிராம் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கனெக்ஷனைத் திறந்தது, திறந்ததை மூடவில்லை. பரிசோதனையில் நாளுக்கு ஐம்பது செய்தி, ஒன்றும் தெரியவில்லை. அன்று ஆயிரக்கணக்கில் வந்தது.

அதிகாலை இரண்டே முக்காலுக்கு நான் சேனல் நிலையைக் கேட்டபோது திரையில் ஓடிய வரிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. வரிக்கு வரி அதே புரோகிராமின் பெயர். 7.0 பதிப்பிலிருந்து ஒரே டிசிபி இணைப்பில் பல பேச்சுகளைப் பகிர்ந்துகொள்ள முடியும். நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் பத்து. அந்தப் பத்தும் ஒவ்வொரு வரியிலும் நிரம்பியிருந்தது. பத்து நிரம்பியதும் அடுத்த இணைப்பு, அது நிரம்பியதும் அதற்கடுத்தது. கியூ மேனேஜருக்கு மொத்தமாக இத்தனை சேனல்தான் என்று ஒரு வரம்பு உண்டு. யாரும் தொடாவிட்டால் அது நூறு. அங்கே யாரும் தொடவில்லை. லாக்கில் 9513, அதிகபட்ச எண்ணிக்கை வந்துவிட்டது என்ற ஒரே வரி, நொடிக்கு நொடி. சம்பளக் கணக்கைப் போட வந்த புரோகிராம் வாசலிலேயே நின்றது. அது எந்தக் குற்றமும் செய்யவில்லை.

சரி, குற்றம் செய்த சேனலை மட்டும் நிறுத்துவோம் என்றால் முடியவில்லை. எல்லாருக்கும் ஒரே சேனல் பெயர். அதை நிறுத்தினால் பதினான்கும் அறுந்துவிழும். முகவரியைச் சொல்லி நிறுத்தலாம் என்றால், வந்தது எல்லாமே ஒரே முகவரி. கடைசியில் பதினான்கையும் அறுத்துத்தான் விட்டோம். அதன் குழப்பம் தீர விடிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் பீடோங்கிலிருந்து எங்கள் சித்தி கூப்பிட்டார். "சம்பளம் இன்னும் ஏறலையேப்பா, பேங்க்ல எதும் பிரச்சனையா?" அவருக்கு என் வேலை என்னவென்று தெரியாது. வங்கி என்று எதையோ பார்க்கிறேன் என்று மட்டும் தெரியும். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. மகனுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தப் புரோகிராமுக்குத் தனிச் சேனல் இருந்து, அதில் இருபது இணைப்புக்கு மேல் கூடாது என்று ஒரு எண் எழுதியிருந்தால், இருபத்தொன்றாவது மட்டும் மறுக்கப்பட்டிருக்கும். மற்ற பதின்மூன்றும் அசையாமல் ஓடியிருக்கும். மேக்ஸ்இன்ஸ்ட் என்று அந்த வசதி இருக்கிறது. யாரும் எழுதாவிட்டால் அதன் அளவு 99,99,99,999. கணக்கில்லை என்பதற்கு எம்க்யூ எழுதும் எண் அது. தம்பிகளே, உங்கள் புரோகிராமுக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்று என்னிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். நானாக ஊகித்துப் போட்டால் ஒன்று குறைவாக இருக்கும், இல்லை நூறு மடங்கு அதிகமாக இருக்கும். "எவ்வளவு வேணும்?" என்று கேட்டால் "தெரியாது அண்ணே, அன்லிமிட்டட் போட்டுடுங்க" என்கிறீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயை இப்படித் திறந்துவிட்டுப் போவீர்களா?

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். மறுபடி அந்தக் கிராணி மேசைக்கு வாருங்கள். அம்மா பாலை ஊற்றிவிட்டார். கிராணி பேனாவை எடுத்துவிட்டார். எண்ணைச் சொல்லும் முன்பு கரண்ட் போய்விட்டது. எழுதினாரா, இல்லையா? உங்கள் புரோகிராமுக்கு 2009 வருவது அந்தக் கணத்தில்தான். இணைப்பு அறுந்தது என்று மட்டும் அது சொல்லும். புட் நடந்ததா என்று சொல்லாது, சொல்லவும் அதனால் முடியாது. நடந்திருக்காது என்று நினைத்து மறுபடி போட்டால் ஒருவர் கணக்கில் இரண்டு முறை பணம் கழியும். நடந்திருக்கும் என்று விட்டுவிட்டால் ஒரு தவணை காணாமல் போகும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

கெட் பக்கம் இன்னும் ஆபத்து. சிங்க்பாயின்ட் இல்லாமல் ஒரு செய்தியை எடுக்கும்போது, கியூ மேனேஜர் அதை வரிசையிலிருந்து நீக்கிக் கம்பியில் அனுப்புகிறது. நடுவழியில் இணைப்பு அறுந்தால் செய்தி அங்கேயும் இல்லை, உங்களிடமும் இல்லை. அது பெர்சிஸ்டென்ட் செய்தியாக இருந்தாலும் இதே கதிதான். சிங்க்பாயின்ட்டோடு எடுத்து, வேலை முடிந்ததும் கமிட் செய்தால், நடுவில் அறுந்தாலும் செய்தி வரிசைக்குத் திரும்பிவிடும். எழுத வேண்டியது இரண்டு வரி. வேகம் குறையும் என்று அதை எடுத்துவிடுகிறீர்கள். எவ்வளவு குறையும் என்று அளந்து பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. கமிட்டே நடுவில் அறுந்தால் என்ன செய்வது என்றும் யோசியுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் உங்களுடைய ஓர் எண் இருந்து, வாங்குகிறவர் "இந்த எண் ஏற்கெனவே வந்துவிட்டது" என்று கண்டுபிடிக்க முடிந்தால் மறுபடி போடுவதில் பயமில்லை.

ஆட்டோமேட்டிக் ரீகனெக்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 7.0.1 பதிப்பிலிருந்து. லைப்ரரியே திரும்ப இணைத்துத் தரும். ஆனால் பாதியில் இருந்த டிரான்ஸாக்ஷன் ரத்தாகிவிடும். அதை முதலிலிருந்து செய்வது உங்கள் கோடின் வேலை.

இணைப்பு ஏன் அறுகிறது என்பதற்கு ஒரு வரி. பல சமயம் நடுவில் இருக்கும் ஃபயர்வால், இவ்வளவு நேரம் யாரும் பேசவில்லையே என்று சத்தமில்லாமல் வெட்டிவிடுகிறது. இரு முனைகளும் "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொள்ளும் ஹார்ட்பீட் யாரும் மாற்றாவிட்டால் 300 நொடிக்கு ஒரு முறை. இரண்டு முனைகளிலும் வெவ்வேறு எண் இருந்தால் பெரியதைத்தான் எடுத்துக்கொள்ளும். நான் மட்டும் என் முனையில் குறைத்துப் பயனில்லை. உங்கள் முனையிலும் குறைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குறையை மறைத்துவிட்டு உங்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. எம்க்யூ பார்க்கும் எங்களில் பலர் கேட்ட கேள்விக்கு மூன்று நாள் கழித்துப் பதில் போடுகிறோம். லாக்கை உங்களுக்குக் காட்டுவதில்லை. "2035, உன் பக்கம் பார்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். எல்லாருக்கும் ஒரே சேனலைக் கொடுத்தது நாங்கள்தான். தனித்தனியாக அமைப்பது எங்களுக்கு வேலை என்று சோம்பினோம். நீங்கள் பூட்டைக் கழற்றச் சொன்னபோது, அலுவலகத்தில் மேலே இருப்பவரின் அவசரத்துக்குப் பயந்து கழற்றிக் கொடுத்தவர்களும் எங்களில் உண்டு. ஒரு முறை நானும் கழற்றினேன். "ரெண்டு நாள் மட்டும்" என்றார்கள். அந்த இரண்டு நாள் பதினோரு மாதம் ஆனது.

நம் ஊர்க்காரர்களிடம் இதை இவ்வளவு வலிந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெர்போக் ஆற்றங்கரை, சரக்கை இறக்கிவைத்துவிட்டு அடுத்த காற்றுக்காகக் காத்திருந்த கப்பல்களைப் பார்த்த இடம். 2009 முதல் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பழைய ஆற்றங்கரையின் துறைமேடைகள் வெளிப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு முறை அங்கே போய் அந்தச் செங்கல் மேடையின் ஓரத்தில் நெடுநேரம் நின்றேன். கொண்டுவந்தவர் போய்விடுவார், வாங்குகிறவர் பிறகு வருவார், நடுவில் சரக்கு பத்திரமாக இருக்க வேண்டும். அது யாருடைய சரக்கு என்று கரையில் ஒருவர் கணக்கு வைத்திருக்க வேண்டும். இந்தக் கடாரக் கரையில் இறங்கியவர்களுக்கும் அதுதான் தேவைப்பட்டது, எங்கள் அம்மாவுக்கும் அதுதான் தேவைப்பட்டது. இன்று அந்தக் கணக்கு நம் கையில் வந்திருக்கிறது. சித்தியின் சம்பளம் அதில்தான் போகிறது.

ஆகவே கேட்கிறேன். வருகிற திங்கட்கிழமை வேலைக்குப் போனதும், உங்கள் புரோகிராம் கியூ மேனேஜரோடு இணையும் இடத்தைத் திறந்து பாருங்கள். சேனல் பெயர் என்ன, அது உங்கள் புரோகிராமுக்கு மட்டும் உரியதா, எந்த யூசர் பெயரில் உள்ளே போகிறீர்கள், டிஎல்எஸ் இருக்கிறதா, திறந்த கனெக்ஷனை எந்த வரியில் மூடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சிஸ்டம் என்று தொடங்கும் சேனல் பெயர் கண்ணில் பட்டால், அது யாருக்கும் சொந்தமில்லாத கதவு. தனிச் சேனல் வேண்டும் என்று கேளுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்தில் எம்க்யூ பார்ப்பவரிடம் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். லைவ் போவதற்கு இரண்டு வாரம் முன்னால் போங்கள். "எனக்கு உச்ச நேரத்தில் இத்தனை இணைப்பு வேண்டும், இந்த வரிசையில் போட மட்டும் அனுமதி போதும், எடுக்க வேண்டாம்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். எல்லாரையும் முதலில் மறுத்துவிட்டு, பெயர் சொல்லி ஒருவர் ஒருவராக அனுமதிக்கும் விதியை அவர் போடவில்லை என்றால், போடச் சொல்லிக் கேளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

2035 வரும்போது "ஆஃப் பண்ணுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "லாக்கில் என்ன எண் இருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும், மற்றது தானாக வரும்.

பழகிப் பார்க்க இடம் இல்லை என்று சொல்ல வேண்டாம். டெவலப்பர்களுக்கான எம்க்யூ பதிப்பை ஐபிஎம் கட்டணம் இல்லாமல் தருகிறது. உங்கள் மடிக்கணினியில் கன்டெய்னராக ஓட்டலாம். அதில் ஒரு சர்வர்-கனெக்ஷன் சேனலை உருவாக்குங்கள், பூட்டுங்கள், உங்கள் பூட்டில் நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள், லாக்கைப் படித்து வெளியே வாருங்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வருவீர்கள். பெருநாளுக்கு அடுத்த நாள் காலை பத்து மணியிலிருந்து நான் மெர்போக்கில் வீட்டில்தான் இருப்பேன். மேசையைத் திண்ணைக்கு இழுத்துப் போட்டு வைக்கிறேன். அந்தத் தாளோடு வாருங்கள், மடிக்கணினியையும் கொண்டு வாருங்கள். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று தெரியாமல் நிற்கும் தம்பி தங்கை உங்கள் லயத்தில் யாராவது இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். எல்லாவற்றையும் தமிழிலேயே பேசிக்கொள்வோம்.

உங்கள் அண்ணன்,
மெர்போக்